கியோட்டோவில் முதல் வாரம்: எங்கே வாங்குவது?

ஜப்பானுக்குப் படிக்க வந்து நான்கு நாளாகிறது, அறையில் திரைச்சீலைகூட இல்லை, மூன்று வேளையும் கொன்பினியில் (நேரம் காலமில்லாமல் திறந்திருக்கும் சிறு கடை) வாங்கியே பணம் கரைகிறது என்று எழுதியிருந்தீர்கள். மனம் கேட்கவில்லை, உடனே பதில் எழுதுகிறேன்.

கொன்பினி அவசரத்துக்கு மட்டும் போதும். சமையல் சாமான்களுக்குக் ‘கியோமு சூப்பர்’ போங்கள். மொத்த வியாபாரக் கடைபோலத் தோன்றும், ஆனால் யாரும் வாங்கலாம். உறைந்த காய்கறிப் பைகள் மலிவு. கொண்டைக்கடலை, மசாலாப் பொடிகளும் பல கிளைகளில் உண்டு.

மற்ற சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு இரவில் போவது நல்லது. மூடும் நேரம் நெருங்கும்போது ஊழியர் ஒருவர் உணவுப் பெட்டிகள்மேல் தள்ளுபடிச் சீட்டு ஒட்டிக்கொண்டே வருவார். அதில் 2 என்று இருந்தால் 20 சதவீதம் குறைவு. 3 என்றால் 30. எண்ணே இல்லாமல் இரண்டு ஜப்பானிய எழுத்துகள் மட்டும் பெரிதாக இருந்தால் பாதி விலை. என் முதல் வருடச் சாப்பாடு பெரும்பாலும் அந்தச் சீட்டுகளை நம்பித்தான் நடந்தது.

சோப்பு, சலவைத்தூள் மருந்துக்கடைகளில் மலிவு. பால், முட்டைகூட அங்கே கிடைக்கும். தட்டு, கரண்டி, துடைப்பத்துக்கு டைசோ என்ற மலிவு விலைக் கடை: 100 யென் பொருளுக்கு வரியோடு 110 கொடுக்க வேண்டும். திரைச்சீலை, மெத்தைக்கு நிதோரி என்ற வீட்டுச் சாமான் கடை. ஜன்னலின் அகல உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அரிசிக் குக்கரைப் பழைய பொருள் கடையில் பாருங்கள்.

நிஷிகி சந்தை அழகானது, ஆனால் அன்றாடச் செலவுக்குக் கட்டுப்படியாகாது. கடைக்குத் துணிப்பை கொண்டுபோக மறக்காதீர்கள், 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு.

எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறீர்கள்? சொன்னால் பக்கத்துக் கடைகளை எழுதுகிறேன்.