மழை வந்தால் சோபாவில் பூனை நெடி: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. மூன்று மாதமாக ஹால் சோபாவின் ஒரே மூலையில் மூச்சா போகிறது. பினாயில் போட்டுத் துடைத்தோம், வாசனை ஸ்பிரே அடித்தோம். வெயில் நாளில் ஒன்றும் தெரிவதில்லை. மழை வந்தால் ஹாலில் உட்கார முடியவில்லை. சோபாவுக்குக் கீழே மொசைக் தரையிலும் மஞ்சள் திட்டு விழுந்திருக்கிறது. சோபாவைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: போட வேண்டாம். சோபாவைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் பினாயிலை இன்றே நிறுத்துங்கள். நாற்றத்தைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலை. கறுப்பு பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டு அது பாதத்தை நக்கும், விஷம் நேரே வயிற்றுக்குப் போய்விடும். வெள்ளை பினாயிலில் உள்ள பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது.

ப்ளீச்சிங் பவுடரையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற வாயு கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரியும், மூடிய அறையில் ஆபத்து.

மழைக்கும் நாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? மூத்திரத்தில் உள்ள யூரியா தண்ணீரில் கரைந்துவிடும். யூரிக் அமிலம் அப்படியில்லை. அது பொடிப்பொடிப் படிகங்களாகத் துணியிலும் ஃபோமிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் சோப்பும் அதை அசைக்காது. காற்றில் ஈரம் ஏறும்போது அந்தப் படிகங்கள் மறுபடி ஈரமாகி வாடை கிளம்புகிறது. கடுவனுக்கு இன்னொன்றும் உண்டு. ஃபெலினின் என்ற பொருள் அதன் மூத்திரத்தில் அதிகம். அது சிதையும்போது கந்தகம் கலந்த நெடி வரும். அதனால்தான் நாள் ஆக ஆக வாடை குறையாமல் ஏறுகிறது.

இதை உடைக்க என்சைம் கிளீனர்தான் வழி, அதாவது கறையைச் சிதைக்கும் நொதிகள் கலந்த திரவம். செல்லப்பிராணிக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் "வேலை செய்யவில்லை" என்று திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். மேலாக நாலு தடவை ஸ்பிரே செய்து, உடனே துடைத்துவிட்டிருப்பார்கள். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, மருந்தும் அவ்வளவு இறங்க வேண்டும்.

குஷனின் ஜிப்பைத் திறந்து உறையைக் கழற்றுங்கள். மேலே துணியில் உள்ளங்கை அளவுதான் கறை தெரியும். ஃபோமைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு தட்டு அகலத்துக்கு மஞ்சள் பரவியிருக்கும். ஃபோமையும் உறையையும் முதலில் வெறும் பச்சைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, அழுத்திப் பிழிந்துவிடுங்கள். பழைய பினாயில் மிச்சம் இருந்தால் என்சைம் வேலை செய்யாது. அப்புறம் அடி வரை இறங்கும்படி கிளீனரை ஊற்றி, காயாமல் இருக்க பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் அப்படியே விடுங்கள். பழைய கறைக்கு ஒரு ராத்திரி முழுக்க விடுவது நல்லது. காலையில் பிழிந்து மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். ஈரமாக இருக்கும்வரை வாடை கூடத்தான் செய்யும், பயப்படாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு மோந்து பாருங்கள். இன்னும் இருந்தால் இன்னொரு தடவை. வெந்நீரும் ஸ்டீம் கிளீனிங்கும் வேண்டாம், சூட்டில் கறை இறுகிப் பிடிக்கும்.

உறை கழற்ற முடியாத இடங்களில், சோபா கையிலோ மரச்சட்டத்திலோ பட்டிருந்தால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு யூவி டார்ச் (புற ஊதா ஒளி தரும் டார்ச்) அடித்துப் பாருங்கள். மூத்திரம் பட்ட இடம் மங்கலாக ஒளிரும். சலவைத்தூள் பட்ட துணியும் ஒளிரும் என்பதால் கடைசித் தீர்ப்பை மூக்கிடமே விடுங்கள்.

மொசைக்குக்கு வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதுவும் கூடாது. அதில் பதிந்திருப்பது மார்பிள் சில்லு. புளிப்பு பட்டால் பாலிஷ் போய், கறை இன்னும் ஆழமாக ஊறும். அங்கேயும் முதலில் என்சைம்தான். வாடை போய் மஞ்சள் மட்டும் நின்றால், மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்கள். நம் ஊரில் பெரும்பாலும் 6 சதவீதம் கிடைக்கும். ஆப்ப சோடாவில் அதை விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்துத் திட்டின் மேல் பூசி, பிளாஸ்டிக்கால் மூடி, ராத்திரி விட்டுக் காலையில் வழித்துத் துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழைத்த கலவையைப் பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். சோபாத் துணியில் இதைத் தொடவே வேண்டாம், சாயம் போய்விடும்.

சரி, பூனை விஷயத்துக்கு வருவோம். ஈரம் சோபாவின் முதுகிலோ பக்கவாட்டிலோ இருந்தால் அது நின்றபடி பீய்ச்சி எல்லை குறிக்கிறது. கருத்தடை செய்யவில்லையென்றால் செய்துவிடுங்கள், பெரும்பாலான கடுவன்களுக்கு இந்தப் பழக்கம் அதோடு நின்றுவிடும். உட்காரும் இடத்தில் குளம்போல் இருந்தால் சிறுநீர்ப்பைக் கோளாறாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி முக்கி உட்கார்ந்தும் சொட்டு சொட்டாகத்தான் வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால் அன்றைக்கே ஓடுங்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

ஒரு பூனைக்கு, அது மூச்சாவும் கக்காவும் போக, மண் நிரப்பிய தட்டு இரண்டு வேண்டும். அதில் ஒன்றை, சுத்தம் செய்து முடித்ததும் அந்தச் சோபா மூலையிலேயே வையுங்கள். இரண்டு வாரம் அது தட்டில் ஒழுங்காகப் போனால், தினமும் ஒரு சாண் தள்ளித் தள்ளி நீங்கள் நினைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.