வாகனம்: கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஆக்ஸியோ, 1500 சிசி, சிவிடி கியர். இதுவரை சேவிஸ் நிலையத்தில்தான் ஒயில் மாற்றினோம். இந்த முறை வீட்டு முற்றத்தில் நானே மாற்றப் பார்க்கிறேன். என்ன வாங்க வேண்டும், எந்த இடத்தில் பிழை வரும்?
– வாசகி, உப்புவெளி

பதில்: தாராளமாக மாற்றலாம். கழற்றுவது சுகம், பூட்டும்போதுதான் ஆட்கள் பிழை விடுகிறார்கள்.

உங்கள் காரில் 1என்இஸட்-எஃப்ஈ எஞ்சின் இருந்தால், ஃபில்டரோடு மாற்ற 3.7 லீற்றர் போகும். ஃபில்டரை மாற்றாவிட்டால் 3.4. ஆகவே 5டபிள்யூ-30 ஒயில் (இந்த எண் ஒயிலின் தடிப்பைக் குறிக்கும்) 4 லீற்றர் கான் ஒன்று, புது ஃபில்டர், வடிபோல்ட்டுக்கு (ஒயிலை வடிக்க அடியில் கழற்றும் போல்ட்) புது வொஷர், 14 எண் சொக்கட், ஃபில்டர் கழற்றி, புனல், 5 லீற்றராவது கொள்ளும் தட்டு ஆகியவை வேண்டும். கடற்காற்றில் வடிபோல்ட்டின் தலை துருப்பிடித்திருக்கும். வாய் திறந்த ஸ்பனரைப் போட்டால் தலை உருண்டுவிடும். ஆறுமூலை சொக்கட்டே போடுங்கள்.

உப்புவெளி முற்றம் என்றால் மணலாகத்தான் இருக்கும். மணலில் ஜாக்கி நிற்காது. சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, கைபிரேக் இழுத்து, பின் ரயருக்கு இரு பக்கமும் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்குக் கீழே தலையை நீட்டவே வேண்டாம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும், பத்து நிமிடம் பொறுங்கள். மேலே ஒயில் மூடியையும் திறந்துவையுங்கள்.

இனி, முதல் தடவை செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். காருக்குக் கீழே எஞ்சினுக்கு ஒரு வடிபோல்ட், சிவிடி என்ற ஓட்டோ கியர்பெட்டிக்கு இன்னொன்று. பெல்ட் ஓடும் பக்கம், அதாவது சாரதி பக்கம், எஞ்சின், இடப்பக்கம் கியர்பெட்டி. மாறித் திறந்தால் கியர்பெட்டி வெறுமையாகிவிடும், எஞ்சினிலோ பழைய ஒயில் அப்படியே கிடக்கும். அது தெரியாமல் 3.7 லீற்றரை மேலே ஊற்றினால் இரண்டுமே கெடும். ஓடிய எஞ்சின் ஒயில் பெரும்பாலும் கறுத்திருக்கும். சிவப்பாகவோ வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாகவோ வந்தால், உடனே பூட்டிவிட்டு எந்தப் போல்ட் என்று மறுபடி பாருங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் றப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழையது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதுசைப் பூட்டினால் ஸ்டார்ட் செய்த கணமே ஒயில் பீறிட்டடிக்கும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஒயில் பூசி, கையாலேயே சுற்றுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். வடிபோல்ட்டை முதலில் விரலால் ஏற்றுங்கள், விரலுக்குச் சுற்றாவிட்டால் புரி கோணலாக ஏறுகிறது. இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனர் இருந்தால் 38 நியூட்டன் மீற்றர். பைப் மாட்டி இறுக்குவது புரியைத் தின்னும் வேலை.

முதலில் 3.4 லீற்றர் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடியபின் நிறுத்தி, கசிகிறதா பார்த்து, காரைத் தரையில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து ஒயில் அளவுக் கம்பியைத் துடைத்து அளவு பாருங்கள். குறைவதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேல் கோடு வரை ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை அழுத்தம் தராது.

பழைய ஒயிலை அதே கானில் ஊற்றி, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். நம் மணல் தரையில் ஊற்றியது அடுத்த மழைக்குக் கிணற்றுக்கு இறங்கும்.

கேள்வி: திருகோணமலை வெயிலுக்கு 20டபிள்யூ-50 தான் சரி, மற்றதெல்லாம் தண்ணீர் மாதிரி என்று கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வெளியே 35 பாகை வெயில் என்றாலும் எஞ்சினின் சூட்டைத் தேர்மோஸ்டாட் தான் கட்டுப்படுத்துகிறது. கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஓடிச் சூடேறிய எஞ்சினின் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான். தடித்த ஒயில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மெதுவாகத்தான் ஏறும். அந்தச் சில விநாடிகளில்தான் தேய்மானம் அதிகம். விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) போன்ற, ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பாகங்களும் மந்தப்படும். கையேட்டில் உள்ளதைப் போடுங்கள். எஞ்சின் பழசாகி ஒயில் குடிக்கிறதென்றால் அது வேறு கதை, மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மாற்றி ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடவில்லை, ஒயில் கறுத்துவிட்டது. கலப்படமா?
– வாசகர், மூதூர்

பதில்: இல்லை. உள்ளே படிந்த கரியை ஒயில் கழுவி எடுக்கிறது, அது அதன் வேலை. நிறம் பால்கோப்பி மாதிரி மாறினால்தான் பயப்படுங்கள்: தண்ணீர் கலக்கிறது.