கைலிக்குள் மறையும் படை

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. மண்டபத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். இடுப்பிலும் பிட்டத்திலும் பல வருடமாகச் செதில் படை. படர்தாமரை என்று மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும். போன வருடம் சதை எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ்’, தோலில் வரும் நிணநீர்ப் புற்றுநோய் என்கிறார்கள். எங்களுக்கும் ஒட்டுமா? கீமோ தேவையா?

பதில்: ஒட்டாது. ஒரே துண்டில் துவட்டினாலும் ஒட்டாது.

ஆரம்பத்தில் இந்த நோயின் டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) தோலில் கொஞ்சமாகத்தான் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தாலும் சாதாரணக் கரப்பான் படை போலவே தெரியும். போதாததற்கு, கடைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அடையாளத்தை இன்னும் அழித்துவிடும். அதனால்தான் களிம்பை 2 முதல் 4 வாரம் நிறுத்திவிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சதை எடுக்கச் சொல்கிறோம். முதல் பரிசோதனையில் பிடிபடாமல் போவது இந்த நோயில் சகஜம்.

வெயில் படாத இடம்தான் இதற்குப் பிடித்த இடம். சட்டையில்லாமல் வலை இழுப்பவரின் முதுகு சுத்தமாக இருக்கும். கைலி முடிச்சுக்குக் கீழேதான் லேசாகச் சுருங்கிய, செதில் உதிரும் திட்டுகள். நம் நிறத்தோலில் சிலருக்கு வெளுத்த தேமலாகவும் வரும், தொழுநோயோ என்று பயப்படுவார்கள். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி குறையும், இதில் பொதுவாகக் குறையாது.

சரி, சிகிச்சை. விரல்கள் சேர்ந்த அவரது உள்ளங்கை, உடல் தோலில் சுமார் 1 சதவீதம். திட்டுகள் மொத்தம் பத்து உள்ளங்கைக்குள் அடங்கி, நெறிக்கட்டியிலும் ரத்தத்திலும் நோய் இல்லையென்றால் அது முதல் நிலை. அந்த நிலையில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஆயுசோடு இருக்கிறார்கள். அதற்குக் கீமோ வேண்டாம். ஆரம்பத்திலேயே கீமோவும் உடல் முழுக்க எலக்ட்ரான் கதிர்வீச்சும் கொடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை என்று 1989-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. மருத்துவர் கண்காணிப்பில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு அல்லது வாரம் 2, 3 முறை ‘நேரோபேண்ட் யுவிபி’ என்ற புற ஊதா ஒளி போதும். கடல் வெயில் அதற்கு ஈடாகாது.

ஒளி சிகிச்சை சில மாதம் ஓடும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் முடியாது. தடைக்காலம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். படை கட்டியானாலோ, புண்ணானாலோ, உடம்பெல்லாம் சிவந்தாலோ, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினாலோ உடனே காட்டுங்கள்.

அப்புறம், சதைப் பரிசோதனை செய்த இடத்தில் எடுத்த சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மதுரை மாதிரி பெரிய ஊரில் தோல் மருத்துவரிடம் போங்கள். கூடுதல் சோதனைகளை அநேகமாக அதிலேயே செய்துவிடலாம்.