ஒருக்கா வந்த நிமோனியா திரும்ப வருமா?

தங்கச்சி, அப்பாவுக்கு நிமோனியா மாறி ஒரு மாதம்தான், "ஒருக்கா வந்தது இனி வராது" என்று நெல் சூடடிக்கிற இடத்துக்குப் போக நிற்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து மறித்து வையுங்கள். இது கொப்பளிப்பான் மாதிரி இல்லை.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கிருமியோடு சண்டை பிடித்த வெண்குருதிக் கலங்களில் சில நுரையீரலிலேயே தங்கிவிடும். நினைவுக் கலங்கள் என்பது அவற்றைத்தான். நிமோனியாவை அடிக்கடி உண்டாக்குகிற நியூமோகொக்கஸ் என்ற கிருமி மறுபடி வந்தால், இவை காற்றறைச் சுவரை உசுப்பிவிட, கிருமியை விழுங்குகிற நியூட்ரோபில்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் கெதியாக வந்து சேரும். ஆனால் எலிகளில் பார்த்தபோது, நுரையீரலில் முன்பு நோய் கண்ட சோணையில், அதாவது அந்தப் பிரிவில்தான், இந்தக் காவல் பலமாக இருந்தது. நோய் படாத பக்கத்தில் அப்படி இல்லை. விசுவமடுவில் என் பெரியப்பாவுக்கு வலப்பக்கம் வந்த நிமோனியா சுகமாகி, அடுத்த மாரியிலேயே இடப்பக்கம் வந்தது.

நியூமோகொக்கஸ் கிருமியிலேயே 100 வகைக்கு மேல் உண்டு. அதற்கான தடுப்பூசி பற்றி கிளினிக்கில் கேளுங்கள். அப்புறம், எந்தக் கிருமி என்றும் கட்டாயம் கேளுங்கள். வயல் சேற்றில் இருக்கிற மெலியோய்டோசிஸ் கிருமியாலும் நிமோனியா வரும், சீனி வருத்தக்காரரை அது கூடுதலாகப் பிடிக்கும். அதென்றால் மாதக்கணக்கில் மருந்து, இடையில் விட்டால் திரும்பிவிடும்.

இந்தப் போகம் சுணையும் தூசியும் பறக்கிற பக்கம் வேண்டாம். வீட்டு விறாந்தையில் இருந்து மூட்டைக் கணக்குப் பார்க்கட்டும். காய்ச்சல், மூச்சுவாங்கல், பேச்சில் தடுமாற்றம் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.