பர்வதமலை ஏறிப் பழகிய எனக்கு, கிளிமஞ்சாரோவுக்கு 5 நாள் மராங்கு பாதை போதுமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன், ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலையான கிளிமஞ்சாரோவுக்கு 5 நாள் மராங்கு வேண்டாம். காசும் லீவும் ஒத்துவந்தால் 8 நாள் லெமோஷோ பாதையில் போங்கள். லீவு இடித்தால் 7 நாள் மச்சாமே பாதை.

மராங்குதான் சுலபம் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பொய் இல்லை. அந்தப் பாதையில் ஏற்றம் கடுமையாக இருக்காது, கூடாரத்தில் சுருண்டு படுக்க வேண்டாம், மரக்குடிலில் மெத்தையே உண்டு. ஆனால் அந்த மலையில் பாதியிலேயே திரும்புகிறவர்களில் பலருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று உயரம்தான் ஆளை முடக்கும். அதனால் பாதையைப் பார்க்கும்போது, ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டரில் படுக்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மராங்குவில் முதல் ராத்திரி மந்தாரா, சுமார் 2,700 மீட்டர். அடுத்தது ஹொரொம்போ, 3,700. அப்புறம் கிபோ, 4,700. அங்கே சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்ததும் நடு ராத்திரியில் எழுப்பி 5,895 மீட்டர் உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். நாளுக்கு ஆயிரம் மீட்டர்! 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. இது அதற்கு இரண்டு மடங்கு.

லெமோஷோ மேற்கிலிருந்து சுற்றிக்கொண்டு வரும். ஷிரா சமவெளியில் இரண்டு ராத்திரி, 3,500, 3,850 என்ற அளவில். அதற்கடுத்த நாள்தான் முக்கியம். லாவா டவர் என்ற பாறை வரைக்கும், ஏறக்குறைய 4,600 மீட்டர், ஏற்றிவிட்டு, அங்கேயே சாப்பாட்டை முடித்து, சாயங்காலம் 3,900 சொச்சத்தில் இருக்கும் பர்ராங்கோ முகாமுக்கு இறக்கிவிடுவார்கள். அந்தப் பாறையடியில் உட்கார்ந்து ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்குப் பாக்கெட்டை எடுத்தேன். வெளியில் காற்றழுத்தம் குறைந்து, கவர் வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது. என்னோடு வந்த ஆம்பூர் நண்பருக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது, முறுக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இறங்கி பர்ராங்கோ வந்ததும் அவரே சூப் கேட்டு வாங்கிக் குடித்தார். உயரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தாழ்வில் தூங்கவைப்பதுதான் இந்தப் பாதையின் சூட்சுமம். மச்சாமேயும் இதே வழியில் வந்து சேர்வதால் அதற்கும் இந்த நன்மை உண்டு. மராங்குவில் அந்த ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் 6 நாள் எடுத்து, ஹொரொம்போவில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்க வேண்டும்.

லெமோஷோவிலும் குறை இல்லாமல் இல்லை. பர்ராங்கோவுக்கு அடுத்த கரங்கா முகாமிலிருந்து, உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபு போகும் நாளில் 600 மீட்டருக்கு மேல் ஏறித்தான் படுக்க வேண்டும். அதுவரை உடம்பு ஓரளவு பழகியிருக்கும் என்பதுதான் தைரியம்.

நாள் கூடினால் பூங்காக் கட்டணமும் ஆள்கூலியும் கூடும். அதனால்தான் குறைந்த நாள் பேக்கேஜ் விளம்பரத்தில் கவர்ச்சியாகத் தெரிகிறது. வழிகாட்டி இல்லாமல் ஏற அங்கே அனுமதி கிடையாது, ஆகவே செலவை எப்படியும் தவிர்க்க முடியாது. விமான டிக்கெட்டுக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு இரண்டு நாள் கூலியில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியாத கணக்கு.

சரி, பர்வதமலை. பாறையில் இரும்புக் கம்பி அடித்த கடப்பாறைப் படியில் பையோடு ஏறுகிறீர்கள் என்றால் காலுக்கும் தைரியத்துக்கும் குறைவில்லை. ஆனால் அது சுமார் 4,500 அடி, மீட்டரில் 1,400கூட வராது. ஏலகிரி, ஜவ்வாது மலை எல்லாம் அதே கதைதான். உயரத்துக்கு உடம்பைப் பழக்க நம் பக்கத்தில் மலையே இல்லை. அதைவிட, கெட்டிக்காரக் கால்கள் வேகமாக நடக்கும், வேகமாக நடக்கிறவருக்குத்தான் முதலில் தலை வலிக்கும். பேச்சு தடைபடாத வேகத்தில் நடக்கப் பழகுங்கள். கிரிவலத்தின் 14 கிலோமீட்டர் அதற்கு நல்ல இடம்.

இறக்கத்துக்கும் பயிற்சி வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. உச்சியிலிருந்து அன்றைக்கே ம்வெகா முகாம் வரை 2,700 மீட்டருக்கு மேல் இறக்குவார்கள், முட்டி கழன்றுவிடும். சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளை முதுகில் சுமையோடு நிதானமாக இறங்கிப் பாருங்கள். தின்பண்டத்தைப் பையின் அடியில் வையுங்கள், குரங்குகள் ஜிப்பைத் திறக்கவே பழகியிருக்கின்றன.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எனக்கு விரல் நுனி மரத்துப்போனது, ராத்திரியில் அடிக்கடி எழவேண்டியிருந்தது, அவ்வளவுதான். மாத்திரை போட்டாலும் நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்கிவிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஏஜென்டிடம் ஒவ்வொரு ராத்திரியும் எந்த முகாம், எத்தனை மீட்டர் என்று எழுதி வாங்குங்கள். மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழை, அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் வடக்கிலிருந்து ஏறும் ரொங்காய் பாதையைக் கேளுங்கள், அந்தப் பக்கம் மழை குறைவு. அதையும் 7 நாளுக்குக் குறையாமல்.