முழங்காலும் தொடைத் தசையும்: வாசகர் கேள்வி – பதில்

முழங்கால் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேள்விகள் வேறு வேறு என்றாலும் எல்லாம் தொடையின் முன்பக்கத் தசையில், அதாவது குவாட்ரிசெப்ஸில், வந்து சேர்கின்றன. மூட்டில் என்ன கோளாறு வந்தாலும் முதலில் அடிவாங்குவது அதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து 12 நாள் ஆகிறது. படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. தொடை மரத்துப்போனது போல இருக்கிறது என்கிறார். நரம்பு ஏதாவது அறுபட்டிருக்குமா?
— வாசகி, திருவாரூர்

பாதத்தை முகத்தை நோக்கி மடக்கச் சொல்லிப் பாருங்கள். மடக்க முடியாமல் பாதம் தொங்கினால் இன்றே சர்ஜனிடம் காட்டுங்கள். பாதம் நன்றாக மடங்கி, தொடை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை என்றால் நரம்பு அறுபட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூட்டுக்குள் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது, அங்கிருந்து போகும் தகவல் தண்டுவடத்திலேயே தொடைத் தசைக்கான கட்டளையை அடக்கிவிடுகிறது. அம்மா முயற்சி செய்யாமல் இல்லை. கட்டளை தசைக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இது ஊகம் இல்லை. 1984-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் நல்ல முழங்காலுக்குள் ஊசி வழியாக உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லி போனதுமே தொடையின் உட்பக்கத் தசை அடங்கியது. 50, 60 மில்லி போனதும் மற்ற பகுதிகளும் அடங்கின. வலியே இல்லாத, ஆரோக்கியமான மூட்டிலேயே இந்தக் கதி. மூட்டு மாற்று செய்தவர்களை அமெரிக்காவில் அளந்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதத்துக்குள் தொடைத் தசையின் பலம் 62 சதவீதம் விழுந்திருந்தது. தசையின் பருமன் குறைந்ததோ 10 சதவீதம்தான். மிச்ச இழப்புக்குப் பெரிய காரணம் கட்டளை குறைந்ததுதான். அதனால் சத்தான சாப்பாட்டால் மட்டும் இது சரியாகாது. முதல் வேலை வீக்கத்தை இறக்குவது.

ஐஸைத் துண்டில் சுற்றி 15–20 நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை வையுங்கள். காலை உயர்த்தி வைக்கும்போது தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் இருக்கட்டும், முழங்காலுக்கு அடியில் வேண்டாம். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதே நிலையில் மூட்டு மடங்கி இறுகிவிட்டால், பிறகு நடக்கும்போது கால் முழுசாக நீளாது. வீடுகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு இது.

பயிற்சியைச் சின்னதாக ஆரம்பியுங்கள். கால்கள் இரண்டையும் நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்தி 5 எண்ணும்வரை பிடிக்க வேண்டும். 10 முறை, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அம்மா அழுத்தும்போது முட்டிச் சில்லைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். தசை இழுத்தால் சில்லு தொடைப் பக்கமாக மெல்ல ஏறும். சில்லு அசையாமல் புட்டம் மட்டும் இறுகினால் தசை இன்னும் விழிக்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். சில்லு நன்றாக ஏறத் தொடங்கியதும், ஒரு சாண் தடிமனுக்கு உருட்டிய போர்வையை முழங்காலுக்கு அடியில் வைத்து, குதிகாலை மட்டும் மேலே தூக்கி முட்டியை நீட்டப் பழகலாம். பயிற்சி முடிந்ததும் போர்வையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் காலை நேராகத் தூக்கும் பயிற்சி. தூக்கும்போது முட்டி தொய்ந்து மடங்கினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மடங்காமல் மூன்று முறை தூக்குவது, மடங்கியபடி முப்பது முறை தூக்குவதைவிட மேல்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தையலில் நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பிசியோதெரபி சென்டரில் தினமும் 'கரண்ட்' வைக்கிறார்கள். அதனால் தசைக்குப் பலம் வருமா?
— வாசகர், ஓசூர்

எந்தக் கரண்ட் என்பதைப் பொறுத்தது. தோலில் ஊசி குத்துவது போலச் சுறுசுறுவென்று மட்டும் இருந்தால் அது வலியைக் குறைப்பதற்கானது, பலம் தராது. தசையை இறுக வைக்கும் கரண்ட் வேறு. அதற்குப் பெரிய ஒட்டுகள் இரண்டு வேண்டும்: ஒன்று தொடையின் மேல் வெளிப்பக்கம், இன்னொன்று கீழ் உட்பக்கம். கரண்ட் வரும்போது தொடை கல் போல இறுகுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மூட்டு மாற்று செய்த 66 பேரில் ஒரு பிரிவினருக்கு, ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்தில் இதைத் தொடங்கி, நாளுக்கு இரண்டு வேளை, 6 வாரம் வழக்கமான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தொடைப் பலம் கூடுதலாகத் திரும்பியது. பொறுத்துக்கொள்ள முடிந்த அளவுக்கு வலுவாக வைத்தால்தான் பலன். 'லேசா வைங்க' என்று கேட்டு வாங்கிக்கொண்டால் நேரம்தான் போகும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படுத்துக்கொண்டு காலைத் தூக்கும் பயிற்சியை ஆறு மாதமாக, தினமும் காலுக்கு 30 முறை செய்கிறேன். ஆனாலும் நாற்காலியிலிருந்து எழ இன்னும் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. எடை கட்டிச் செய்தால் தேய்மானம் அதிகமாகிவிடும் என்று பயமாகவும் இருக்கிறது.
— வாசகி, மன்னார்குடி

ஆறு மாதம் விடாமல் செய்திருக்கிறீர்கள். உங்கள் உழைப்பில் குறை இல்லை, பயிற்சியில்தான் குறை. காலை நேராகத் தூக்கும்போது காலை மேலே கொண்டுபோவது இடுப்பை மடக்கும் தசைகள். தொடைத் தசை முட்டியை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அதோடு முதல் நாள் தூக்கிய அதே காலின் எடையைத்தான் இன்றும் தூக்குகிறீர்கள். பாரம் கூடாத இடத்தில் பலமும் கூடாது.

இதை முறைப்படுத்தியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட சிப்பாய்களுக்குக் காலில் இரும்புச் செருப்பு மாட்டி, அதில் எடை சேர்த்துச் சேர்த்துத் தூக்க வைத்தார். 1945-ல் அந்த முறையை எழுதி வெளியிட்டார். சரியாக 10 முறை தூக்க முடிந்து, 11-வது முடியாமல் போகும் எடை எதுவோ அதுதான் அவருடைய அளவுகோல். முதலில் 70 முதல் 100 முறை வரை தூக்கச் சொன்னவர், பிறகு பத்துப் பத்தாக மூன்று சுற்று போதும் என்று குறைத்துக்கொண்டார்: அந்த எடையில் பாதி, முக்கால், முழுசு.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் எடைப்பட்டை கட்டி முட்டியை நீட்டுங்கள். பட்டை இல்லையென்றால் துணிப்பையில் ஒரு கிலோ அரிசியை இறுகக் கட்டினாலும் சரி. நீட்ட இரண்டு எண்ணிக்கை, மேலே ஒரு நொடி நிறுத்தம், இறக்க மூன்று எண்ணிக்கை. 10 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று சுற்றிலும் 12 முறை சுலபமாக வந்துவிட்டால் அரைக் கிலோ கூட்டுங்கள். எண்ணிக்கையை 30, 40 என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முழுசாக நீட்டும்போது சில்லுக்கு அடியில் வலித்தால், பாதி வரை நீட்டுங்கள்.

இதைவிட முக்கியம், நாற்காலியிலிருந்து எழுவதையே பயிற்சியாக்குவது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அதனால் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். கையைக் கட்டிக்கொண்டு எழ முடியும் உயரம் வரும்வரை இருக்கையில் போர்வையை மடித்துப் போடுங்கள். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். முன்னால் குனிந்து எழுங்கள். உட்காரும்போது 'தொப்' என்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். ஒரு சுற்றுக்கு 8 முதல் 12, மூன்று சுற்று. சுலபமானதும் போர்வையில் ஒரு மடிப்பைக் குறையுங்கள். வெறும் இருக்கையில் வந்துவிட்டால் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க மாட்டீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது அவசியம்.

எடை பற்றிய பயத்துக்கு வருவோம். வலிக்குப் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னால், செய்யும்போது 5 வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை, மூட்டு வீங்கியும் இருக்கிறது என்றால் அடுத்த தடவை ஒரு சுற்றைக் குறையுங்கள், பயிற்சியையே விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் தேய்மானம் உள்ள 377 பேரை வைத்து 18 மாதம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், கனமான எடை தூக்கியவர்களுக்கும் லேசான எடை தூக்கியவர்களுக்கும் முழங்கால் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே வலி குறைவதற்காக மிகக் கனமான எடையைத் தேடிப் போக வேண்டாம். உங்களுக்கு வேண்டியது கை ஊன்றாமல் எழும் பலம். அதற்குப் பாரம் படிப்படியாக ஏறினால் போதும்.

முன்னேற்றத்தை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில், கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுகிறீர்கள் என்று எண்ணுங்கள். 60–64 வயதில் பெண்கள் 12-க்குக் கீழே, ஆண்கள் 14-க்குக் கீழே இருந்தால் சராசரிக்கும் குறைவு என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவு. மாதம் ஒருமுறை எண்ணி, காலண்டரில் குறித்து வையுங்கள்.

கேள்வி: மகன் கபடி ஆடுகிறான், 19 வயது. ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார்) ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் முடிந்தது. தொடை இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. 'ஆறு மாசம் ஆச்சு, இறங்கலாம்' என்கிறார்கள். இறக்கலாமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

இப்போது இறக்காதீர்கள். நார்வேயின் ஆஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் உள்ள குழுக்கள் சேர்ந்து 106 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். ஒன்பது மாதம் வரை, களமிறங்குவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முழங்கால் அடிபடுவது 51 சதவீதம் குறைந்தது. தேர்வுகளில் தேறாமல் களமிறங்கியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுபடி அடி, தேறியவர்களில் 5.6 சதவீதம் மட்டுமே. தொடைத் தசையின் பலமும், ஒற்றைக் காலில் தாவும் நான்கு தாவல்களும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தேர்வின் முக்கியப் பகுதி.

பெரிய விளையாட்டு மருத்துவ மையங்களில் ஐசோகைனடிக் இயந்திரத்தில், அதாவது முட்டியை ஒரே சீரான வேகத்தில் அசைய வைத்துப் பலத்தை அளக்கும் கருவியில், நொடிக்கு 60 டிகிரி வேகத்தில் இதை அளப்பார்கள். அது கிடைக்காவிட்டால் ஜிம்மில் உட்கார்ந்து முட்டியை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரம் போதும். பிசியோதெரபிஸ்ட் கூட இருக்க, முதலில் நல்ல கால், பிறகு ஆபரேஷன் கால், ஒவ்வொன்றாக. நல்ல கால் 40 கிலோவும் மற்றது 30 கிலோவும் தூக்கினால் 75 சதவீதம், போதாது. ஒரே முறை தூக்கும் உச்ச எடையை இந்த வயதில் அளக்கலாம், ஆனால் நன்றாக வார்ம்-அப் செய்த பிறகு.

இதில் ஏமாற மூன்று இடங்கள் உண்டு. ஆறு மாதம் ஓய்வில் நல்ல காலும் இளைத்திருக்கும்; அதோடு ஒப்பிட்டால் 90 சதவீதம் பொய்யாக வந்துவிடும். ஆபரேஷனுக்கு முன் நல்ல காலை அளந்து வைத்திருந்தால் அதோடு ஒப்பிடுவதே சரி. அடுத்து, முன்னோக்கித் தாவும்போது உந்துவதில் பெரும்பங்கு இடுப்புக்கும் கணுக்காலுக்கும் போகிறது. முட்டி பலவீனமாக இருந்தும் தூரம் தேறிவிடும். மூன்றாவது, இரண்டு காலில் ஸ்குவாட் மட்டும் போட்டுக்கொண்டிருப்பது. உடம்பு தெரியாமலே பாரத்தை நல்ல காலுக்கு மாற்றிவிடும், மெலிந்த தொடை மெலிந்தபடியே இருக்கும். ஒற்றைக் காலில் முட்டியை நீட்டும் பயிற்சியை எடையோடு, வாரம் இரண்டு மூன்று நாள் சேர்த்தே ஆக வேண்டும். பின்தொடைத் தசைநாணை எடுத்து ஒட்டியிருந்தால் பின்தொடையின் பலத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

கபடியில் ஒருபடி கூடுதல் கவனம் வேண்டும். கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பைத் திருப்பி இழுக்கும் ஆட்டம் அது. தேர்வில் தேறிய பிறகும், நேர் ஓட்டம், வெட்டித் திரும்புதல், சொல்லி வைத்துப் பிடிக்கும் பயிற்சி, அப்புறம் ரெய்டு என்ற வரிசையில் போகட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் மறுநாள் முட்டி வீங்கவில்லை என்றால்தான் அடுத்தது.

கேள்வி: ஏசிஎல் கிழிந்தால் ஆபரேஷன் கட்டாயமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷனும், மற்ற பிரிவுக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷனும் கொடுத்தார்கள். 2010-ல் வந்த இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் முழங்காலும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தது. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் ஐந்தாண்டுக்குள் 30 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. முறையான பயிற்சிக்குப் பிறகும் முட்டி அடிக்கடி நழுவினால், அல்லது மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் காத்திருக்க வேண்டாம், சர்ஜனைப் பாருங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானாலும் அதற்கு முந்தைய வாரங்களை வீணாக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன் தொடைப் பலத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குறை இருந்தவர்களுக்கு, இரண்டு ஆண்டு கழித்தும் அந்தக் குறை தொடர்ந்ததை நார்வே ஆய்வு ஒன்று 2009-ல் காட்டியது. வீக்கம் வடிந்து, முட்டி மற்ற காலைப் போல முழுசாக நீண்டு, இரு தொடைக்கும் உள்ள வித்தியாசம் 20 சதவீதத்துக்குள் வந்த பிறகு தேதி வைக்க முடியுமா என்று உங்கள் சர்ஜனைக் கேளுங்கள்.