ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடுகளில் நல்லதை எப்படிப் பிரித்தெடுப்பது?

ஒருமுறை மட்டும் சுடப்பட்டவை என்று விற்கப்படும் பித்தளைத் தோட்டாக் கூடுகளை வாங்கிக் கைத்துப்பாக்கிக்கு மறுநிரப்பல் செய்யலாமா, வாங்கினால் தரமானவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமத்துடன் இலக்குச் சுடுதலில் ஈடுபட்டு, என் தோட்டாக்களை நானே நிரப்பிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக வாங்கலாம். ஆனால் ‘ஒருமுறை சுட்டது’ என்பது விற்பவரின் வாய்ச்சொல். அது மெய்யா என்பதற்கான சாட்சி ஒவ்வொரு கூட்டின் அடிப்பகுதியிலும் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் முதலில் மயங்குவது பளபளப்பில்தான். நானும் மயங்கியிருக்கிறேன். கண்ணாடி போல மின்னிய, 9 மி.மீ. லூகர் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடுகள் ஒரு பை நிறைய வாங்கி வந்து பிரைமர் (கூட்டின் அடிக்குழியில் அமர்ந்து, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்த உட்கார்ந்தபோது, எட்டாவதோ ஒன்பதாவதோ கூட்டில் பிரைமர் எந்த எதிர்ப்பும் காட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. நல்ல கூட்டில் பிரைமர் பொருத்தும் கருவியின் கைப்பிடியை அழுத்தும்போது ஒரு சீரான இறுக்கம் உள்ளங்கையில் தெரியும். அது இங்கே அறவே இல்லை. உருப்பெருக்கியை எடுத்து அடிவிளிம்பைப் பார்த்தேன். கூட்டைத் துப்பாக்கியிலிருந்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கவ்விய தடங்கள் வெவ்வேறு திசைகளில் நான்கு இருந்தன. சுடாமல் கையால் ஏற்றி இறக்கினாலும் ஒரு தடம் விழும் என்பதால் இரண்டு தடங்களைக் கண்டதும் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனால் பையிலிருந்து எதை எடுத்தாலும் மூன்று, நான்கு என்று தடங்கள் இருந்தால் அவை பலமுறை சுடப்பட்டவை என்றே நான் கொள்வேன். அந்தப் பை முழுவதும் பழைய பித்தளையாகப் போய்ச் சேர்ந்தது.

அடிப்பகுதியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டாக் கூட்டுக்கான பித்தளை ஏறக்குறைய 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்தது. சுடும் கணத்தில் அது விரிந்து துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்துவிட்டு, உடனே சற்றுச் சுருங்கி வெளியே வரக்கூடிய நெகிழ்ச்சி உடையது. 9 மி.மீ. லூகர் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அனுமதிக்கப்படுகிறது; .38 ஸ்பெஷலில் அந்த வரம்பு 17,000 மட்டுமே. எனவே .38 கூடுகள் நெடுநாள் உழைக்கின்றன, 9 மி.மீ. கூடுகளில் பிரைமர் குழி தளர்ந்துபோவதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாய்ப்பகுதியில் விழும் கீறல் ஒரு கூட்டை வீணாக்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். அடிப்பகுதி பிளந்தாலோ, வாயு பின்னோக்கிப் பாய்ந்து துப்பாக்கியையும் அதைப் பிடித்திருக்கும் கையையும் பதம் பார்த்துவிடும். பிரைமரைச் சுற்றிக் கரிய வளையம் படிந்திருந்தால் அங்கே வாயு கசிந்திருக்கிறது என்று பொருள். அதை வைத்துக்கொள்ள வேண்டாம். அடியை ஒட்டிய சுவர் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கும் கூடுகளையும் தள்ளிவிடுங்கள். அறை முழுத் தாங்கல் கொடுக்காத பிஸ்டல்களில் சுடப்பட்ட .40 எஸ் அண்ட் டபிள்யூ கூடுகளில் இந்தப் புடைப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தட்டையான கண்ணாடி மீது உருட்டினால் தள்ளாடிக் காட்டிக் கொடுத்துவிடும்.

உண்மையிலேயே ஒருமுறை மட்டும் சுடப்பட்டது என்பதற்கு நான் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு. இராணுவத் தோட்டாக்களில் பிரைமர் நழுவாமலிருக்கக் குழியின் விளிம்பை உள்நோக்கி நசுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கல் சிதையாமல், சுடப்பட்ட பிரைமரும் உள்ளேயே இருந்தால், அந்தக் கூட்டை இன்னும் யாரும் நிரப்பவில்லை. மறுபடி பிரைமர் பொருத்துவதற்கு முன் அந்த விளிம்பைக் கருவியால் விரித்தோ சீவியோ எடுக்க வேண்டும் என்பதால் பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். எனக்கு அந்தக் கூடுதல் உழைப்பு பொருட்டே இல்லை. ஆகவே, பிரைமர் கழற்றி மெருகேற்றிய கூடுகளைவிட, பிரைமரோடு அழுக்காக இருக்கும் கூடுகளையே விரும்பி வாங்குகிறேன். அழுக்கு கழுவினால் போய்விடும், மெருகேற்றலோடு அழிந்த சாட்சி திரும்பி வராது.

வாங்கிய கூடுகளின் மேல் முதலில் ஒரு காந்தத்தை நகர்த்துங்கள், பித்தளை முலாம் பூசிய எஃகுக் கூடுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் அது மறுநிரப்பலுக்கு ஏற்ற பாக்ஸர் வகை. இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டன் வகை, பழைய பிரைமரைத் தள்ளியெடுக்கும் வழக்கமான கருவியின் ஊசி அதில் உடையும். சில 9 மி.மீ. கூடுகளின் உட்சுவரில் படிக்கட்டு போன்ற ஒரு விளிம்பு ஓடும். அது சுவரின் தடிமன் சட்டென்று மாறும் இடம் என்பதால் அங்கேயே கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி குழலறைக்குள் தங்கிவிடும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்டதை வேறு எந்தத் தகுதி இருந்தாலும் நான் நிரப்புவதில்லை.

வாய்ப்பகுதிக் கீறலைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காது உதவும். ஏழெட்டுக் கூடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குங்கள். எல்லாம் நலமென்றால் கலகலவென்று தெளிவாக ஒலிக்கும். விரிசல் விட்டது ஒன்று இருந்தாலும் ஓட்டைச் சட்டியைத் தட்டியது போன்ற ஓசை நடுவே கேட்கும். அம்மோனியா கலந்த பித்தளை மெருகுப் பொருள்களைத் தயவுசெய்து கிட்டே கொண்டுவர வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உருவாக்கும்போதே பித்தளைக்குள் எஞ்சிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது.

கலப்பு இன்னொரு தொல்லை. .380 ஆட்டோ கூடு 17 மி.மீ. சொச்சம் நீளம், 9 மி.மீ. லூகர் கூட்டின் அதிகபட்ச நீளம் 19.15 மி.மீ.; குவியலில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும், ஆகவே கூட்டின் அடியில் பொறித்திருக்கும் முத்திரையைப் படித்துப் பிரித்துவிடுங்கள். .45 ஏசிபி கூடுகளில் பெரிய பிரைமருக்கானவையும் சிறிய பிரைமருக்கானவையும் இருக்கின்றன. சிறிய கூடு பெரியதற்குள் செருகிக்கொண்டு கழுவும் உருளையிலிருந்து அப்படியே வெளிவருவதும் உண்டு. சுடப்படாத தோட்டா ஏதேனும் கலந்திருக்கிறதா என்று உருளையில் கொட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். சுட்ட பிரைமரின் கரியில் பெரும்பாலும் ஈயம் இருக்கும் என்பதால் கையுறை அணிவதும், உலர் முறையில் சுத்தம் செய்தால் தூசியை முகராமல் காற்றோட்டமான இடத்தில் செய்வதும், வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுவதும் கட்டாயம்.

கழித்த கூடுகளின் வாயை நான் குறட்டால் நசுக்கிய பிறகே பழைய பித்தளைப் பெட்டியில் போடுகிறேன். ஒருமுறை அப்படிச் செய்யாமல் விட்டதில், கழித்த இரண்டு கூடுகள் அடுத்த வாரம் நல்ல குவியலிலேயே மறுபடி என் கைக்கு வந்தன.